ஊசி போட்ட நாய்க்குட்டிக்கு வலிப்பு... காரணம் ஊசிதானா?

புதுக் குட்டி வந்த வீட்டில் முதல் மாதம் திருவிழாதான். செருப்பில் ஒன்று காணாமல் போகும். சோபா ஓரத்தில் பல் தடம் விழும். யார் மடியில் தூங்குவது என்பதில் பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும். 45 நாள் குட்டியாக வந்தவனை நல்ல நாள் பார்த்து க்ளினிக்குக் கூட்டிப்போய் முதல் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த ஊசிக்கான தேதியையும் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பத்தாவது நாள் காலையில் குட்டி கிண்ணத்தின் முன்னால் நிற்கிறது, ஆனால் சாப்பிடவில்லை. சூயிங் கம் மெல்வதுபோல வாயை மட்டும் வேக வேகமாக அசைக்கிறது. நுரை தள்ளுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு கால்களையும் நீச்சலடிப்பதுபோல உதைக்கிறது. ஒரு நிமிடம்தான். ஆனால், பார்த்தவர்களுக்கு அது ஒரு யுகம்.

"நான் அப்பவே சொன்னேன், இத்தனூண்டு குட்டிக்கு ஊசி எதுக்குன்னு" என்கிறார் பாட்டி. "இனிமே ஊசியே வேண்டாம்" என்கிறார் அப்பா. தடுப்பூசி அட்டை அலமாரிக்குள் போகிறது. அதில் மிச்சமிருக்கும் கட்டங்கள் காலியாகவே நின்றுவிடுகின்றன. அவற்றில் ஒன்று, ரேபிஸ்.

நாய் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கிற காட்சிதான் இது. பாட்டியின் சந்தேகத்தில் தப்பில்லை. ஊசிக்குப் பின்னால் ஒன்று நடந்தால் யாருக்கும் முதலில் ஊசி மீதுதான் கண் போகும். ஆனால், அந்தச் சந்தேகத்தை விசாரிக்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஏன் சரியாக அந்த வயதில்?

குட்டிகளுக்குத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்குகிறது. அதன் பிறகு 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை தொடர்கிறது. டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஆகியவற்றுக்கான ஊசிகள் இந்தக் கணக்கில் வரும். ரேபிஸ் ஊசி பொதுவாக 3 மாதம் முடிந்ததும் போடப்படுகிறது.

இத்தனை முறை போடுவதற்குக் காரணம் தாய்ப்பால். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கிறது. அதே சக்தி, ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 3 வாரத்துக்கு ஒரு முறை ஊசி என்றால், இந்த வயதில் குட்டிக்கு எந்த நாளில் என்ன நடந்தாலும் அது ஏதோ ஓர் ஊசிக்கு 'அப்புறம்' நடந்ததாகத்தான் இருக்கும். வீடு மாறுவது, தாயைப் பிரிவது, உணவு மாறுவது, குடற்புழு, தொற்றுநோய் என எல்லாமே குட்டியைத் தாக்குவதும் இதே வாரங்களில்தான். ஆகவே, ஊசிக்குப் பின்னால் வந்தது என்பது மட்டும் ஆதாரமாகாது. எவ்வளவு நேரம் கழித்து, எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடிகாரம் சொல்லும் பதில்

சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள்: உண்மையான ஊசி அலர்ஜி பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் தெரியும். முகம், கண் இமை, மூக்குப் பகுதி வீங்கும். தோலில் தடிப்பு தடிப்பாக எழும்பும். வாந்தி, பேதி இருக்கலாம். கடுமையாக இருந்தால் ஈறு வெளுத்து, குட்டி தள்ளாடி மயங்கி விழும். பார்ப்பவர்களுக்கு இது வலிப்பு போலத் தோன்றலாம். ஆனால், இங்கே நடப்பது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது. உடனே சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஊசி போட்டதும் வண்டியைக் கிளப்பாமல் அரை மணி நேரமாவது க்ளினிக்கிலேயே இருப்பது இதற்காகத்தான்.

ஒன்று அல்லது இரண்டு நாளுக்குள்: லேசான காய்ச்சல், சோர்வு, பசியின்மை, ஊசி போட்ட இடத்தில் வலி ஆகியவை வரலாம். இவை தானாகவே சரியாகிவிடும். தொடையில் போட்ட பிறகு காலை ஊன்றாமல் இழுத்தால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. அந்த இடத்தில் பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது. தவறான இடத்தில் குத்தினால் அது பாதிக்கப்படலாம். தடுப்பூசிகள் பலவும் கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியில் போடப்படுவதால் இது அரிது.

ஒன்று, இரண்டு வாரம் கழித்து: மேலே சொன்ன குட்டிக்கு நடந்தது இந்தக் கட்டத்தில்தான். வலிப்பு, இழுப்பு, தள்ளாட்டம் எல்லாம் இப்போது வந்தால் டாக்டர்கள் முதலில் தேடுவது ஊசியை அல்ல. ஏற்கெனவே உடலுக்குள் இருந்த ஒரு நோயைத் தேடுவார்கள்.

முதல் சந்தேக நபர் டிஸ்டெம்பர்

டிஸ்டெம்பர் என்பது மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸின் உறவுக்கார வைரஸால் நாய்களுக்கு வரும் நோய். கண்ணிலும் மூக்கிலும் சளி, காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று சாதாரண ஜலதோஷம் போலத்தான் ஆரம்பிக்கும். சில குட்டிகளில் அது அப்படியே அடங்கிவிட்ட மாதிரி தெரியும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து வைரஸ் மூளையில் தன் வேலையைக் காட்டும்.

சூயிங் கம் மெல்வதுபோல வாயை அசைக்கும் வலிப்பு இந்த நோயோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் அடையாளம். இன்னொன்று, உடலின் ஏதோ ஒரு பகுதி தாளம் போடுவதுபோல விட்டு விட்டுத் துடிப்பது. தூங்கும்போதுகூட அந்தத் துடிப்பு நிற்காமல் இருக்கலாம். பாதத்தின் அடிப்பகுதியும் மூக்கும் தடித்துப்போகலாம்.

கூட்டமாகக் குட்டிகளை அடைத்து விற்கும் இடத்திலிருந்தோ, தடுப்பூசி போடாத தாயிடமிருந்தோ வரும் குட்டி, இந்த வைரஸை உடலில் சுமந்துகொண்டே வீட்டுக்குள் நுழையலாம். வெளியே பார்த்தால் துள்ளி விளையாடும். அந்த நிலையில் போடப்படும் ஊசி, ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட நோயை நிறுத்துவதற்குத் தாமதமாகிவிட்டிருக்கும். நோய் வெளியே தெரியும்போது பழி ஊசி மேல் விழும்.

ஊசியே வேலை செய்யாமல் போவதும் உண்டு. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். கரன்ட் போன ஃப்ரிட்ஜில் இருந்த மருந்தையோ, வெயிலில் பையில் வைத்துக் கொண்டுவந்த மருந்தையோ, தகுதியில்லாத ஒருவர் வீட்டுக்கே வந்து போட்டால் அட்டையில் ஸ்டிக்கர் இருக்கும். குட்டிக்குப் பாதுகாப்பு இருக்காது.

வேறு யார் யார் சந்தேகப் பட்டியலில்?

சர்க்கரை குறைவு: சிவாவா, பொமரேனியன் போன்ற மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். க்ளினிக்குக்கு நீண்ட பயணம், பயம், ஊசிக்குப் பிறகு சோர்ந்துபோய் சாப்பிடாமல் படுத்துக்கிடப்பது எல்லாம் சேர்ந்தால் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம்.

உண்ணி மருந்து: ஊசி போட்ட அதே ஞாயிற்றுக்கிழமை 'அப்படியே உண்ணிக்கும் பார்த்துடலாம்' என்று மருந்து கரைத்துக் குளிப்பாட்டும் வீடுகள் உண்டு. அளவு கூடினாலோ, குட்டி அதை நக்கினாலோ நடுக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம், வலிப்பு வரலாம். ஐவர்மெக்டின் என்ற மருந்தும் அளவு மீறினால் நரம்பைத் தாக்கும். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் காரணத்தால் குறைந்த அளவே விஷமாகிவிடும். டாக்டரிடம் போகும்போது ஊசியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்ல மறப்பவர்கள் அதிகம்.

பிறவிக் கோளாறு: மூளையில் நீர் கோத்துக்கொள்வது, கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் வேறு வழியில் போய்விடுவது போன்றவை பிறக்கும்போதே இருக்கும். வெளியே தெரிவது இந்த வயதில்தான்.

பச்சைக் கோழி: பின்னங்காலில் தொடங்கி உடல் முழுக்கத் தளர்ந்துபோகும் ஒரு நரம்பு நோய் நாய்களுக்கு உண்டு. குட்டிகளைவிட வளர்ந்த நாய்களில்தான் இது அதிகம் பேசப்படுகிறது. இதற்கும் தடுப்பூசி மீது சந்தேகம் இருந்தது. 2018-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, சமைக்காத கோழி இறைச்சி சாப்பிடும் நாய்களுக்கு இந்நோய் வரும் அபாயம் அதிகம் என்று காட்டியது. 'நாய்தானே' என்று கோழிக் கழுத்தைப் பச்சையாகப் போடும் பழக்கத்தை மறுபடி யோசிக்கலாம்.

அப்படியானால் ஊசி மேல் தப்பே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 'நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். 1911-ல் இமாசலப் பிரதேசத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய ரேபிஸ் தடுப்பூசி அது. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, பிறகு அதைச் செயலிழக்கச் செய்து தயாரித்தார்கள். 1907-ல் தொடங்கப்பட்ட நமது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆட்டு மூளைத் தடுப்பூசி பல காலம் தயாரானது.

அந்த மருந்தில் மூளைத் திசுவும் கலந்திருந்தது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடல், சிலருக்கு சொந்த நரம்புகளையே தாக்கியது. பக்கவாதம் போன்ற பாதிப்புகள் வந்தன. அதனால்தான் உலகம் அதைக் கைவிட்டு, செல் வளர்ப்பு முறையில் தயாராகும் ஊசிக்கு மாறியது. இந்தியாவில் 2004-05 வாக்கில் ஆட்டு மூளைத் தடுப்பூசி முற்றிலும் நிறுத்தப்பட்டது.

நாய்களுக்கான ஊசியிலும் இப்படி நடந்திருக்கிறது. கோழி முட்டைக் கருவில் வளர்த்த 'ஃப்ளூரி' என்ற உயிருள்ள ரேபிஸ் தடுப்பூசி ஒரு காலத்தில் பயன்பாட்டில் இருந்தது. பெரிய நாய்களுக்குப் போடும் வகை, 3 மாதத்துக்கும் குறைந்த குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் ஆபத்தானது என்று தெரிந்தது. இன்று நாய்களுக்கு ஊசியாகப் போடப்படும் ரேபிஸ் மருந்தில் வழக்கமாக இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ரேபிஸ் வராது.

டிஸ்டெம்பர் தடுப்பூசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். மிக அரிதாக, ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் அதுவே மூளை வீக்கத்தை ஏற்படுத்திய சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. மிகச் சிறு வயதில் போடுவதும், எதிர்ப்பு சக்தி குன்றிய உடலும் இதற்கு வழிவிடலாம். '30 நாள்லயே போட்டுடுங்க டாக்டர்' என்று அவசரப்படக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதுவாக ஊசியின் பக்க விளைவு எவ்வளவு? அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் ஊசி போடப்பட்ட 12 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவுகளை அலசிய ஆய்வு 2005-ல் வெளியானது. ஊசி போட்ட 3 நாளுக்குள் ஏதாவது ஒரு பாதிப்பு பதிவானது, 10,000 நாய்களுக்குச் சுமார் 38 என்ற கணக்கில்தான். எடை குறைந்த நாய்களுக்கும், ஒரே நாளில் பல ஊசிகள் போடப்பட்டவற்றுக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பக், டாஷ்ஹண்ட், சிவாவா, மினியேச்சர் பின்ஷர் போன்ற இனங்கள் அதிகம் பாதிக்கப்பட்டவற்றில் இருந்தன. இந்த இனங்களை வளர்ப்பவர்கள், எல்லா ஊசியையும் ஒரே நாளில் முடிக்காமல் பிரித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

யாரும் நினைக்காத ஆபத்து

தடுப்பூசி முழுமையடையாத ஒரு குட்டிக்கு நரம்புக் கோளாறு வந்தால் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு பெயர் உண்டு. ரேபிஸ். குட்டிகளுக்கும் அது வரும். தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டியை, அதற்கு முன்பே வெறிநாய் ஒன்று கடித்திருக்கலாம். நோய் வெளியே தெரிய வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். இடையில் போட்ட ஊசி அதைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை.

'ஊசி ஒத்துக்கலை, அதான் இப்படி' என்று நினைத்துக்கொண்டு குட்டியின் வாய்க்குள் விரலை விடுவதும், எச்சிலை வெறுங்கையால் துடைப்பதும் அதனால்தான் ஆபத்து. குட்டி கடித்திருந்தால், பிறாண்டியிருந்தால், காயத்தில் நக்கியிருந்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். குட்டிக்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான ஊசி இலவசம். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸிலிருந்து மீட்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது?

* குட்டியைச் சுற்றியுள்ள நாற்காலி, பாத்திரங்களை நகர்த்துங்கள். படிக்கட்டு, மாடி விளிம்பு அருகே இருந்தால் போர்வையால் மெதுவாக இழுத்து நகர்த்துங்கள்.
* வாயில் கை, ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் இரும்பு கொடுப்பது, வெங்காயம் முகரவைப்பது போன்றவையும் வேண்டாம்.
* மணியைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ அது அவசரம். உடனே கிளம்புங்கள்.
* ஒருவர் மொபைலில் வீடியோ எடுங்கள். க்ளினிக்குப் போய்ச் சேர்வதற்குள் குட்டி சாதாரணமாகிவிடும். நீங்கள் வார்த்தையில் சொல்வதைவிட அரை நிமிட வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும்.
* மிகச் சிறிய இனக் குட்டி சாப்பிடாமல் இருந்து இப்படி ஆகியிருந்தால், டாக்டருக்கு போன் செய்யுங்கள். அவர் சொன்னால், வலிப்பு நின்று நினைவு திரும்பிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு ஈறில் கொஞ்சம் தேன் தடவலாம்.
* தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கும். குட்டி எங்கிருந்து வந்தது, என்ன சாப்பிட்டது, என்ன உண்ணி மருந்து போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

டிஸ்டெம்பரை உறுதிசெய்யப் பரிசோதனை உண்டு. ஆனால், அண்மையில் ஊசி போட்டிருந்தால், ஊசியில் இருக்கும் வைரஸே பரிசோதனையில் 'பாசிட்டிவ்' காட்டலாம். ஊசி போட்ட தேதி டாக்டருக்கு அவ்வளவு முக்கியம்.

அடுத்த ஊசி போடலாமா?

இந்த முடிவை டைனிங் டேபிளில் எடுக்காமல் டாக்டரின் மேஜையில் எடுப்பது நல்லது. உண்மையிலேயே அலர்ஜி வந்த குட்டிக்கும் வழிகள் இருக்கின்றன. ஊசிகளை வேறு வேறு நாளில் பிரித்துப் போடலாம். வேறு நிறுவன மருந்துக்கு மாறலாம். முன்னெச்சரிக்கை மருந்து கொடுத்து, க்ளினிக்கிலேயே நீண்ட நேரம் கண்காணிக்கலாம். டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் உடலில் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்து, தேவையில்லாத ஊசியைத் தவிர்க்கலாம்.

'சின்னக் குட்டிதானே, பாதி டோஸ் போடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். மருந்தின் அளவைக் குறைத்தால் அலர்ஜி வராது என்ற உத்தரவாதம் இல்லை. பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தராசின் இன்னொரு தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்வோ வந்த குட்டி ரத்தப்போக்கில் சில நாளில் போய்விடலாம். டிஸ்டெம்பருக்கு வைரஸைக் கொல்லும் குறிப்பான மருந்து கிடையாது. ரேபிஸ் என்றால் ஆபத்து குட்டியோடு நிற்காது. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். யார் மடியில் குட்டி தூங்குவது என்று சண்டை போடுகிறார்களே, அதே வயதுப் பிள்ளைகள்.

அலமாரிக்குள் போன அந்த அட்டையை வெளியே எடுங்கள். காலியாக இருக்கும் கட்டங்களை டாக்டரிடம் காட்டி, எதை, எப்போது, எப்படிப் போடலாம் என்று கேளுங்கள். பாட்டியின் சந்தேகத்தையும் சேர்த்தே கேளுங்கள். நல்ல டாக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார். உட்காரச் சொல்லி, முதலில் அந்த வீடியோவைத்தான் கேட்பார்.